விலை இறங்கிய நாள்

"விலை குறைஞ்சா சொல்லுங்கன்னு பதிஞ்சு வச்சவங்கள்ல நூத்துக்கு நாப்பது பேரு, நாம அனுப்புற மெயிலத் திறக்கறதே இல்லையே சார், ஏன்?" என்று வாரக் கூட்டத்தில் அவரைக் கேட்டாள் மேலாளர், வயதில் அவரைவிடச் சின்னவள்.

விலை ஒப்பிடும் இணையதளத்துக்கு வருகிறவர்களின் போக்கை ஆராய்வது அவருக்குப் பதினொரு வருடத் தொழில். யார் நாலு கடை சுற்றிவிட்டு முதல் கடைக்கே திரும்புவார், யார் அற்ப வித்தியாசத்துக்காக அரைநாள் மல்லுக்கட்டுவார் என்று புட்டுப் புட்டு வைப்பார். ஆளைப் பார்க்கவே வேண்டாம், சொடுக்குகள் போதும்.

அன்று காலை, அவர் அணைக்க மனம் வராமல் சார்ஜ் போட்டு வைத்திருந்த மனைவியின் கைபேசிக்கு ஒரு மெயில் வந்திருந்தது. நீங்கள் காத்திருந்த சாய்வு நாற்காலியின் விலை இறங்கிவிட்டது.

ஆறு வாரத்துக்கு முன் அவள்தான் கேட்டாள். "படுத்தா மூச்சு முட்டுதுங்க. சாஞ்சாப்ல உக்காந்தா தேவல. இத வாங்கிடலாமா?"

"அவசரப்படாதம்மா. ஆறே வாரம், கண்டிப்பா இறங்கும். அவசரப்படறவங்க தலையிலதான் கட்டுவான்" என்று சொல்லி, அவரே அவள் கைபேசியில் பதிந்தும் கொடுத்தார்.

"வீட்டுல நிபுணர வச்சுக்கிட்டு நான் ஏமாந்தா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்தாள். ஜன்னலோரம் சமையலறை நாற்காலியைப் போட்டு, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டாள். பத்தொன்பது ராத்திரி அப்படித்தான் தூங்கினாள். இருபதாம் நாள் மருத்துவமனையிலிருந்து அவர் தனியாகத் திரும்பினார்.

நாற்காலி வாங்கியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதில் அவருக்குச் சந்தேகமில்லை. அந்தப் பத்தொன்பது ராத்திரிதான் அவரை விடவில்லை. கையில் பணம் இல்லாமலும் இல்லை. இத்தனைக்கும் அவர் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

"சார், நீங்க என்ன நினைக்கிறீங்க?"

திரையில் அந்த நாற்பது பேரும் சாம்பல் புள்ளிகளாக நின்றார்கள்.

"வேற எங்கயாவது வாங்கியிருப்பாங்கம்மா" என்றார். எல்லோரும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை சாய்வு நாற்காலி வந்து இறங்கியது. எங்கே போடுவது என்று கேட்டவர்களுக்கு ஜன்னலைக் காட்டினார். அவர்கள் போனபிறகும் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த சமையலறை நாற்காலியின் விளிம்பில், இரண்டு தலையணைகளும் கசங்காதபடி, ஒண்டி உட்கார்ந்துகொண்டார்.