உறைமேல் ஒரு வார்த்தை

பஸ் மலையடிவாரத்தில் இறக்கிவிட்டதும், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த வசவுகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டார். தங்கச்சியை நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவதாகத் திட்டம். அம்மா போய் ஒன்பது நாள். அதற்கு முன் படுக்கையில் கிடந்த இரண்டு வாரமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கடிதம் போட்டும் மகள் வரவில்லை, பதிலும் இல்லை. தியானம் பண்ணப் போனவள் கல்லாகவே ஆகிவிட்டாள் என்று சொந்தபந்தமெல்லாம் பேசியது. அதில் உரக்கப் பேசியவர் இவர்தான்.

உரக்கப் பேசுவது அவருக்கு உபதொழில். கண் பரிசோதனைக்கு வருகிறவர் பலகையின் கடைசி வரிக்கு இறங்குவதற்குள் மூன்று கதை சொல்லி முடித்திருப்பார். ஆசிரமத்துக் கதவில் தொங்கிய ‘இங்கே மௌனம்’ என்ற பலகையையும் பழக்கதோஷத்தில் வாய்விட்டே படித்தார். தோட்டத்தில் நடந்துகொண்டிருந்த நாலைந்து பேர் தலையை இன்னும் குனிந்துகொண்டார்கள்.

பேச அனுமதி உள்ள ஒரே இடம் அலுவலக அறை. அங்கேயும் பொறுப்பாளர் அம்மாள் குசுகுசுவென்றுதான் பேசினார்.

“யாரைப் பாக்கணும்?”

“என் தங்கச்சிய. அவளுக்கு மனசுன்னு ஒண்ணு இருந்துச்சு, கெடச்சா அதையும் பாத்துட்டுப் போறேன்.”

அம்மாள் சிரிக்காமல் பதிவேட்டைப் புரட்டினார். “நாப்பது நாள் மௌனத்துல இருக்காங்க. இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு.”

“அதுக்காக கடுதாசிய படிக்கக்கூடவா கூடாது?”

“படிக்கக் கூடாது. வர்றத இங்கதான் வைப்போம், முடிஞ்ச அன்னிக்குக் குடுப்போம்.” சுவரிலிருந்த மரத்தட்டைக் காட்டினார். சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் அவருடைய மூன்று உறைகளும் பிரிக்கப்படாமல் நின்றன.

கடைக்காரர் தட்டை நோக்கி இரண்டடி வைத்தார். “உசுரு போற விஷயம் வந்தாலுமா?”

“அவசரம்னு உறைமேல எழுதினா அன்னிக்கே கையில குடுத்துடுவோம். சேரும்போது வீட்டுக்கு அனுப்பற தாள்ல அதானே முதல் வரி?”

அந்தத் தாள் அவருக்கு வந்திருந்தது. கடையில் வாடிக்கையாளர்களுக்கு ராகம் போட்டுப் படித்துக் காட்டிச் சிரித்ததும் நினைவிருந்தது. முதல் வரிதான் நினைவில்லை. மூன்று உறைகளின் மேலும் அவர் கையெழுத்து குண்டுகுண்டாகத் தெரிந்தது: ‘உலகத்தைத் துறந்த மகான் அவர்களின் பொற்பாதங்களுக்கு.’ எழுதியபோது அவரே ரசித்த வரி.

“இப்ப ஏதாவது அவசரமா?” என்று அம்மாள் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார். “சொல்லுங்க, இப்பவே கூப்பிடறேன்.”

“மொதல்ல ஒரு தடவ தூரத்துல நின்னு பாத்துக்கறேங்க.”

பின்கட்டில் தங்கச்சி துவைத்த போர்வைகளைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் முகம் பூவாய் விரிந்தது. ஓடிவர ஓரடி வைத்தவள், விதி நினைவுக்கு வர, நின்றுவிட்டாள். ஈரக் கையால் விரல்களை வளைத்துக் கண்களைச் சுற்றி இரண்டு வட்டம் பிடித்தாள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட அம்மாவுக்கு, சின்ன வயதில் இருவரும் வைத்திருந்த ஜாடை அது. புருவத்தை உயர்த்தினாள். எப்படி இருக்கா?

நாற்பது வருஷமாக ஓயாத வாய் வசமாக ஒட்டிக்கொண்டது. தலை மட்டும், அவரைக் கேட்காமலே, நல்லாயிருக்கா என்று ஆடியது. அவள் நெஞ்சில் கை வைத்துச் சிரித்துவிட்டு அடுத்த போர்வையை எடுத்தாள்.

அவர் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தார்.

“அவசரம்லாம் ஒண்ணுமில்லீங்க. அது முடிஞ்சு போச்சு. பன்னெண்டு நாள் நானும் இங்க இருக்கலாமா?”

“வாயத் தொறக்காம இருக்கணுமே? உங்களால முடியுமா?”

“எனக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்கு. கடுதாசிக்கு முன்னாடி அத நான் சொல்லணும். அதுவரைக்கும் அவளுக்கு அம்மா இருக்கட்டும்.”

அம்மாள் பாயும் தலையணையும் எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் தங்கச்சி எதிர்வரிசையில் உட்கார்ந்தாள். அண்ணன் தங்கிவிட்டதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தட்டை ஒதுக்கிவிட்டு மறுபடி விரல்களை வளைத்துக் கண்களைச் சுற்றிப் பிடித்து, அம்மா தனியா இருப்பாளே என்பதுபோல முகத்தைச் சுளித்தாள்.

அதெல்லாம் இருந்துக்குவா என்று கடைக்காரர் கையை அசைத்தார். பிறகு குனிந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.