பென்சில் சீவுகிற கத்தி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் எனக்கு வீட்டில் கிடைத்த ஒரே பதவி, வருகிற பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்வது. மற்றபடி, என் கலியாணத்தைப் பற்றிக் கதைக்க இரண்டு அப்பாக்கள் காட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

ஒருவர் என் அப்பா பாலச்சந்திரன். ரூ பெர்தொனே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். மற்றவர் ரோமனின் அப்பா லூர்துசாமி. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று எபினே புறநகரில் இருக்கிறார். குளிர்காலச் சனிக்கிழமைகளில் காட்டுப்பன்றி சுடப் போவார். அவருடைய ஒரே மகன் இறைச்சியைத் தொடுவதில்லை. அதை அவர் வீட்டில் விழுந்த இழவு போலத்தான் சொல்வார்.

அந்த மகனைத்தான் நான் கட்டப் போகிறேன். லூர்துசாமிக்குச் சம்மதம். அப்பாவுக்கும் சம்மதம். அம்மாதான் வாய் திறக்கவில்லை. ரோமனை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மா கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் வைத்தார். அவன் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அம்மா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். மூன்று மாதமாக அவ்வளவுதான். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெடியன் என்பது பிடிக்கவில்லையா, பாண்டிச்சேரி என்பது பிடிக்கவில்லையா? கேட்டால் குழாயைத் திறந்து விடுவார், தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. "கோசலை ஓமெண்டு சொல்லாமல் நான் நாள் வைக்கமாட்டன்" என்று அம்மாவின் பெயரைச் சொல்லி அப்பா நின்றார்.

அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று காட்டில் ஆறுதலாக இருந்து யோசிக்கலாம் என்றார் லூர்துசாமி. ஆம்பிளைகளின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். சமையலறையில் இருக்கிற பெண்ணிடம் போய்க் கேட்பதை விட, துப்பாக்கியோடு நூறு கிலோமீற்றர் போவது அவர்களுக்குச் சுகம்.

இதைப் பேசும்போதே அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "நான் எத்தினை ஆடு உரிச்சனான் தெரியுமே அண்ணை?" என்று விட்டார்.

"அப்போ சரி மெசியே பாலா. துப்பாக்கி மாப்பிள்ளை வீட்டுச் செலவு, கத்தி பொண்ணு வீட்டுச் செலவு. நான் என் கத்தியை எடுத்துட்டே வரமாட்டேன், போதுமா?" என்றார் லூர்துசாமி.

பெண் வீட்டுச் செலவாம்! நான் வாயைத் திறக்க முன் அப்பா கை குலுக்கிவிட்டார்.

பன்றி விழுகிற இடத்திலிருந்து கார் நிற்கிற இடத்துக்கு நல்ல நடை இருக்கும். அங்கேயே குடலை எடுத்துத் துண்டு போட்டுச் சுமந்து வர வேண்டும். பை பாரமாக இருந்தால் போகும்போதே அப்பாவின் முதுகு முறிந்துவிடும். ஆகவே படித்தவள் செய்கிற வேலையைச் செய்தேன். இரண்டு வாரம் வாசித்து, என் சம்பளத்தில் சாமான் வாங்கினேன். அலகு மாற்றக்கூடிய சின்னக் கத்தி, மாற்று அலகுகள், மடக்கு ரம்பம், கையுறை, மெல்லிய கயிறு, இறைச்சி போடக் காற்றுப் போகிற பருத்திப் பைகள். எல்லாம் சேர்த்தும் ஒரு கிலோ வராது.

அப்பா அந்தக் கத்தியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இதென்ன பிள்ளை? பென்சில் சீவிறதே?"

"கத்தி, அப்பா."

"பண்டி எழும்பி நிண்டு சிரிக்கப் போகுது."

"செத்த பண்டி சிரிக்காது."

"இதைப் பார்த்தா சிரிக்கும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வேலையால் வந்து பையைத் தூக்கினேன். தூக்க முடியவில்லை. உள்ளே கடையில் எலும்பு கொத்துகிற கத்தி, வெட்டுக் கட்டை, தீட்டுகிற கல், ஒரு கிலோ மஞ்சள்தூள்.

"மஞ்சள் ஏன்?"

"கழுவிறதுக்கு."

"காட்டுக்குள்ளை குழாய் வைச்சிருக்கினமோ?"

சண்டை பிடித்துக் கட்டை, கல், மஞ்சள் மூன்றையும் வெளியே எடுத்தேன். கொத்துக் கத்தியை மட்டும் அவர் விடவில்லை. இதையெல்லாம் குசுகுசுத்தே செய்தோம், ஏனென்றால் அம்மாவுக்குக் கந்தசஷ்டி விரதம். அந்த ஆறு நாளும் மீனும் இறைச்சியும் பட்ட சட்டி, கத்தி எல்லாவற்றையும் அம்மா துணியில் கட்டி நிலவறைக்கு அனுப்பிவிடுவார். நாங்கள் போகிற சனிக்கிழமைதான் சூரன்போர். ஆகவே அப்பா அம்மாவிடம் காளான் பிடுங்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தார். உண்மையைச் சொல்லுங்கோ என்றேன். "நீ படிச்சனி, உனக்கு உலகம் தெரியாது" என்றார்.

காட்டில் அப்பாவுக்கும் துணைக்குப் போன எனக்கும், சுடுபவர்களுக்குத் தெரியட்டும் என்று செம்மஞ்சள் சட்டை மாட்டிவிட்டார்கள். லூர்துசாமியின் கூட்டாளிகள் தூரத்தில் நின்று நாய்களை விட்டுப் பன்றியைக் கலைத்தார்கள். பத்து மணிக்கெல்லாம் லூர்துசாமி ஒரு பெரிய பன்றியைச் சுட்டு, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து முடித்திருந்தார். தகப்பன் வற்புறுத்தியதால் வந்த ரோமன் ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி, பொண்ணு வீட்டுக்காரங்க வரலாம்" என்றார் லூர்துசாமி.

அப்பா தோளை நிமிர்த்திக்கொண்டு பையைத் திறந்தார். கையை விட்டார். ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. பிறகு பால் நிரப்பிய, சூடு ஆறாத சுடுதண்ணிப் போத்தல், திருநீற்றுப் பொட்டலம், காளான் போட ஒரு சின்னக் கூடை. கொத்துக் கத்தி இல்லை. ரம்பமும் இல்லை.

லூர்துசாமி கூடையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "என்ன மெசியே, பூசையா?"

அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. "கோசலை... அவவுக்கு விருப்பமில்லை போலை."

"விருப்பமில்லைன்னா வாயால சொல்லலாமே. இப்படியா அவமானம் பண்ணுவாங்க?" என்று அவர் தொப்பியைக் கழற்றினார். மூன்று மாதம் நான் கட்டிக் காத்ததெல்லாம் அந்தத் தொப்பியோடு கழன்று போவது போல இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பன்றியை வெறுங்கையால் கிழித்திருப்பேன். தொலைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிவிட்டு அம்மாவுக்கு அடித்தேன்.

மேளச் சத்தத்துக்கு நடுவே அம்மா எடுத்தார். ரூ பஜோல் தெருக் கோயிலில் நின்றார்.

"அம்மா, கத்தியை ஏன் எடுத்தனீங்கள்?"

"காளான் பிடுங்க எலும்புக் கத்தி ஏனடி?"

அப்பா வானத்தைப் பார்த்தார்.

"பொய்யை விடுங்கோ அம்மா. உங்களுக்கு ரோமனைப் பிடிக்கேல்லையெண்டால் நேரை சொல்லுங்கோ. எல்லாருக்கும் முன்னாலை எங்களை வெக்கப்படுத்த வேண்டாம்."

"ஆருக்கடி பிடிக்கேல்லை?" அம்மாவின் குரல் மேளத்துக்கு மேலால் வந்தது. "ஆறு நாளா மிளகும் தண்ணியுமா நான் ஆருக்குக் கிடக்கிறன்? உனக்கும் அந்தப் பெடியனுக்கும் ஒரு குறையுமில்லாமல் ஒப்பேற வேணுமெண்டுதானே! அதுக்கு நேர்ந்த விரதத்திலை, சூரன்போர் அண்டைக்கு, என்ரை வீட்டாலை போற கத்தியாலை உயிர் வெட்டவோ கேக்கிறாய்?"

லூர்துசாமி தொலைபேசிக்குக் கிட்ட வந்தார்.

"அப்ப ஏன் மூண்டு மாசமா வாய் திறக்கேல்லை?"

"அவன் வந்த அண்டைக்கே நேர்ந்தனான், விரதம் முடியாமல் சொன்னால் நேர்ந்தது பலிக்குமோ? இப்ப நீதான் சொல்லவைச்சிட்டாய், மூதேசி. மச்சம் தின்னாத பெடியன். உன்ரை அப்பாவை விடச் சைவம். அவனை வேண்டாமெண்டுவனோ?"

லூர்துசாமி தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். மகனின் சைவம் ஒரு காரியத்துக்கு உதவும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

"அம்மா, இப்ப பண்டியை எதாலை வெட்டுறது?"

"எனக்கென்ன தெரியும்? பல்லுள்ளது, வெட்டுறது எல்லாத்தையும் எடுத்தனான். அந்தப் பென்சில் சீவிறதை மட்டும் விட்டனான். அது உன்ரை படிப்புச் சாமானெண்டு." பிறகு, "அந்த இறைச்சி என்ரை வீட்டுப் படி ஏறப்படாது" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

பையின் பக்கத்துப் பொக்கற்றுக்குள் கையை விட்டேன். கையுறைக்கும் கயிற்றுக்கும் நடுவில் என் கத்தி பத்திரமாக இருந்தது. ஒன்றும் பேசாமல் அப்பாவிடம் நீட்டினேன். பேசாமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டேன்.

அப்பா குந்தினார். ஒரே இழுவை, பன்றியின் வயிறு கீழிருந்து நெஞ்சு வரை திறந்தது. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெட்டுது."

"வெட்டும்."

"விலையோ?"

"என்ரை சம்பளம். பெண் வீட்டுச் செலவில்லை."

லூர்துசாமி இருமிவிட்டு, இறைச்சியைத் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்கலாம் என்றார். பின்னங்காலைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. ரோமன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வந்து பிடித்தான்.

"சுபாங்கி, உங்க அம்மா பேசினது பாதிதான் புரிஞ்சுது. என்ன சொன்னாங்க?"

"ஓம் எண்டவா. காலை விட்டிடாதை."