துடைத்து வைத்த வீடு

யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்று காதில் விழுந்துவிட்டால் நகுலேஸ்வரிக்குக் கை சும்மா இராது. அது யாருடைய வீடாக இருந்தாலும் சரிதான். அன்று உள்ளூராட்சி கவுன்சிலிலிருந்து ஆள் வரவிருந்தது பக்கத்து வீட்டுப் பெவர்லியைப் பார்க்க. பெவர்லி ஜமேக்காவிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண், லண்டன் ஈஸ்ட் ஹாமிலேயே வளர்ந்தவள். வலிப்பு நோயுள்ள, நடக்கவும் முடியாத மகள் கேசியாவைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிறாள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு பிள்ளையைப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் விட்டுவிட்டுத் தாய் தூங்கலாமா கூடாதா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். போன முறை கேட்டும் கிடைக்கவில்லை.

பெவர்லி கேசியாவைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அவசரத்துக்கென்று கொடுத்து வைத்த சாவியோடு உள்ளே போன நகுலேஸ்வரி திகைத்துப்போனாள். தொட்டி நிறையக் கழுவாத கோப்பைகள். மாடிப்படியில் ஈரப் போர்வைகள். வருகிறவள் இதையெல்லாம் பார்ப்பதா? சேலையைத் தூக்கிச் செருகினாள். கழுவினாள், கூட்டினாள், போர்வைகளை மெஷினில் போட்டாள், மேசையில் ஒரு தட்டு வடையும் கொண்டுவந்து வைத்தாள். பெவர்லி சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தாள்.

திரும்பி வந்த பெவர்லி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன செய்து வைத்திருக்கிறாய், நகுலா?”

“வாற ஆள் என்ன நினைப்பா? அதுதான் ஒருக்கால் துடைச்சு விட்டனான்.”

“நினைக்கட்டும் என்றுதான் போட்டு வைத்தேன். போன முறை நானே எல்லாவற்றையும் துடைத்தேன். ‘நீங்கள் எவ்வளவு பலமான பெண்’ என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பலமான பெண்ணுக்கு ஓய்வு எதற்கு?”

நகுலேஸ்வரி போர்வைகளைத் திரும்ப எடுத்துப் படியில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள். அதற்குள் வாசல் மணி அடித்தது.

கவுன்சில் பெண் நல்லவள்தான். அறை அறையாகப் பார்த்தாள். “வீட்டை அருமையாக வைத்திருக்கிறீர்கள்,” என்று எழுதிக்கொண்டாள். “எப்படிப் போகிறது?”

பெவர்லி வாயைத் திறந்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நகுலேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சமாளிக்கிறேன்,” என்றாள் பெவர்லி. கூடவே ஒரு சிரிப்பு. பாழாய்ப்போன சிரிப்பு.

நகுலேஸ்வரியால் பொறுக்க முடியவில்லை. தெரிந்த இங்கிலீஷைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு குறுக்கே விழுந்தாள். “இது அவ துடைச்சதில்லை. நான்தான் துடைச்சனான்.”

“நல்லது. பக்கத்து வீட்டு உதவியும் இருக்கிறது.” அதையும் எழுதிக்கொண்டாள் அவள்.

நல்லது செய்யப் போய் இரண்டாம் முறையும் கெடுத்தாயிற்று. பெவர்லி நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி ஒரு வழிதான் இருந்தது. ஆனால் அயலவளுக்கு உதவ மாட்டேன் என்று, அதுவும் வெளி ஆளுக்கு முன்னால், எந்த முகத்தோடு சொல்வது? நகுலேஸ்வரிக்கு உடம்பெல்லாம் கூசியது.

“நான் இனி வரமாட்டன்,” என்றாள். “எனக்கு ஏலாது. என்ரை மனுசன் பாரிசவாதத்தில கை கால் விழுந்து படுத்த படுக்கை. தூக்கித் தூக்கி என்ரை முதுகு முறிஞ்சு போச்சுது. கடைசியா எப்ப நல்லா நித்திரை கொண்டனான் எண்டு எனக்கே தெரியாது.”

பெவர்லிக்காகத் தொடங்கிய பேச்சு. பாதியில் குரல் உடைந்தது. அத்தனையும் உண்மை என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

பெவர்லி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“செவ்வாய்க்கிழமை கேசியாவுக்கு வலிப்பு வந்தது,” என்றாள் மெதுவாக. “கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். எழும்பவில்லை. எழும்ப முடியாமல் இல்லை, மனம் வரவில்லை. பிறகுதான் ஓடினேன். அடுத்த முறை ஓடுவேனா என்று எனக்குத் தெரியாது.”

கவுன்சில் பெண் முன்பு எழுதியதைக் குறுக்கே வெட்டினாள்.

“இந்த மாதமே இல்லத்தில் பிள்ளைக்கு இடம் எடுத்துத் தருவது என் பொறுப்பு,” என்றாள்.

பெவர்லி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நகுலேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“உங்களைப் பார்க்க எங்களிடமிருந்து யாராவது வந்தார்களா?” கவுன்சில் பெண் இப்போது கேட்டது நகுலேஸ்வரியை.

“எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கிறன்,” என்று நகுலேஸ்வரி அவசரமாக எழுந்தாள். “மனுசனுக்குச் சாப்பாடு குடுக்க வேணும், வாறன்.”

பெவர்லி ஈரக் கையால் அவளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள்.

“இவள் பொய் சொல்கிறாள்,” என்றாள்.