அப்பா இனிஷியல்

இரண்டாம் மாடிப் பெண்கள் வார்டுக்கு யார் வந்தாலும் முதலில் பார்ப்பது சுகாசினியின் முகத்தைத்தான். வாசலை ஒட்டிய மேசை அவளுடையது. கழுத்து அட்டையில் வார்டு கிளார்க் என்று போட்டிருக்கும். கேஸ் ஷீட் போடுவது, ரத்தச் சீட்டை லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வந்ததும் அந்தந்தக் கோப்பில் சேர்ப்பது, எந்தக் கட்டிலில் யார் என்று பலகையில் எழுதுவது, யாருக்கு உப்பில்லாத சாப்பாடு என்று சமையலறைக்குச் சொல்வது, ஓயாமல் அடிக்கும் போனை எடுப்பது எல்லாம் அவள் வேலை. நோயாளியை அவள் தொடக்கூடாது. ஆனால் ஒருத்தியைப் பற்றி அவள் தப்பாக எழுதினால் அந்தத் தப்பின் வழியாகவே மாத்திரையும் ஊசியும் போய்ச் சேரும் என்பது ஏழு வருஷத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதனால் அவளாகவே ஒரு பழக்கம் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் பெயரை இனிஷியலோடுதான் தேடும். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் எழுத்தோடு வந்து போன பெண், கல்யாணத்துக்குப் பின் புருஷன் பெயரின் எழுத்தோடு வருவாள். கம்ப்யூட்டருக்கு அவள் வேறு ஆள். புது நம்பர் கொடுத்துவிடும். பழைய கோப்பு கீழே ரெக்கார்டு ரூமில் கிடக்கும். ஆகவே கல்யாணமான பெண் யார் வந்தாலும் சுகாசினி கேட்பாள்: “அப்பா இனிஷியல் என்னம்மா?”

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து மூச்சிரைப்போடு வந்த எல்லம்மாள் என்ற கிழவி ஒருமுறை திருப்பிக் கேட்டாள்: “எங்கப்பன் செத்து முப்பது வருசம் ஆவுது. அந்த ஆள இன்னாத்துக்குமா இப்ப ஆஸ்பத்திரிக்குக் கூப்புடற?”

வார்டே சிரித்தது. “கூட ஒரு ஆள் இருந்தா உனக்கும் துணைதானே ஆயா” என்றாள் சுகாசினி.

அந்தக் கேள்வியால் பலன் இருந்தது. ஒரு பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்த கோப்பு அப்படித்தான் கிடைத்தது. டாக்டர் ராஜகோபால் எல்லார் முன்னாலும், “இந்தப் பொண்ணுக்கு இருக்கிற மூளை கம்ப்யூட்டருக்கு இல்ல” என்றார். அதைச் சுகாசினி அக்கா வீட்டுக்குப் போனபோது சொன்னாள். அக்கா ஜெயப்ரியா, “அப்ப கம்ப்யூட்டரை வித்துட்டு உனக்கே ஏசி போடச் சொல்லுடி” என்றாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அக்காவையே தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். மூன்று நாள் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். கூட வந்த அவள் புருஷன் அந்தோணி பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர். பட்டுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடிவந்திருந்தார். முழங்கை வரை அரக்குச் சிவப்பு.

“சுகா, காலைல இருந்து பேச முடியல அவளால. பாத்துக்கோமா.”

“நான் இருக்கேன் மாமா. நீங்க கீழ போய் மருந்து வாங்கிக்கினு வாங்க.”

சுகாசினி கேஸ் ஷீட்டை இழுத்தாள். யாரிடம் என்ன கேட்பது? ஏ. ஜெயப்ரியா, வயது முப்பத்து மூன்று, கணவர் பெயர் அந்தோணி, ஊர், தெரு, போன் நம்பர் எல்லாம் கை தானாக எழுதியது. கம்ப்யூட்டரில் பெயரை அடித்தாள். அப்படி யாரும் இல்லை என்றது. புது நம்பர் வாங்கினாள். அதற்குக் கீழே ‘மருந்து ஒவ்வாமை’ என்று ஒரு கட்டம். நர்ஸ் நோயாளியிடம் கேட்டு நிரப்ப வேண்டியது அது. அந்த வார்டில் நர்ஸ்களுக்கு மூச்சு விட நேரமில்லாததால் கிளார்க்கே நிரப்பி வைப்பதும், நர்ஸ் கீழே கையெழுத்துப் போடுவதும் நடைமுறையாகியிருந்தது. சுகாசினி ‘இல்லை’ என்று எழுதினாள்.

சந்தியா அன்று காலை ட்யூட்டி நர்ஸ். தாமல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம். கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய், விதிப்படி கேட்டாள்: “அக்கா, ஊசி மருந்து எதுனா ஒத்துக்காம போயிருக்குதா?”

ஜெயப்ரியா கையைத் தூக்கி மாஸ்க்கை இழுத்தாள். வாய் அசைந்தது. இருமல் வந்து உடம்பு வில்லாக வளைந்தது.

“ஐயோ சிஸ்டர், அவளப் பேச வைக்காதீங்க” என்று மேசையிலிருந்து எழுந்து ஓடினாள் சுகாசினி. மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டாள். “எங்கக்காவப் பத்தி எனக்குத் தெரியாததா? அதெல்லாம் ஒன்னும் இல்ல. எழுதிட்டேன், பாருங்க.”

சந்தியா கையெழுத்துப் போட்டாள். டாக்டர் எழுதிய கிருமிக்கொல்லி ஊசி ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க முன்கையில் துளி மருந்து செலுத்தும் டெஸ்ட் டோஸும் போட்டாள். அரைமணி நேரம் பார்த்தாள். தடிப்பு இல்லை. முழு ஊசியைப் போட்டாள்.

நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. ஜெயப்ரியாவின் உதடு வீங்கியது, கழுத்தெல்லாம் சிவந்தது, கண் மேலே போனது. மணி அடித்தார்கள், திரையை இழுத்தார்கள். டாக்டர் ராஜகோபால் படியேறி ஓடி வந்தார். ஐசியுவில் ஒரு நாள் மெஷினில் கிடந்துவிட்டு, புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு அக்கா செத்துப்போனாள்.

அன்று மேசையில் வேறு ஆள் இல்லை. இறப்புச் சீட்டு, பிணவறைச் சீட்டு, பொருள் ஒப்படைப்புச் சீட்டு மூன்றையும் சுகாசினியே எழுதினாள். நர்ஸ் ஒருத்தி, “விடு சுகா, நான் எழுதறேன்” என்றாள். “உங்களுக்கு வரிசை தெரியாது சிஸ்டர்” என்று சொல்லிவிட்டாள். ஒரு ஜோடி கம்மல், ஒரு வெள்ளி மெட்டி, இன்னொரு மெட்டி கழலவில்லை என்று எழுதியபோதுதான் பேனா நின்றது. பிறகு பலகையில் பதினாலாம் கட்டிலுக்கு நேரே இருந்த அக்காவின் பெயரை அழித்தாள். அந்தக் கட்டிலுக்கு மறுநாள் காலையிலேயே ஆள் வந்துவிட்டார்கள்.

பன்னிரண்டு நாள் லீவில் இருந்தாள். அதற்குள் அந்தோணி காவல் நிலையத்தில் மனு கொடுத்திருந்தார். டெஸ்ட் டோஸ் போடாமலேயே போட்டதாக நர்ஸ் எழுதிவிட்டாள் என்பது மனு. ஆஸ்பத்திரி சந்தியாவுக்கு மெமோ கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டது.

“அவள உள்ள தள்ளாம உடமாட்டேன் சுகா” என்றார் அந்தோணி. “சின்னப் பொண்ணு, போன நோண்டிக்கினு இருந்திருப்பா. எம் பொண்டாட்டி உயிரு போச்சு.”

டெஸ்ட் டோஸ் போட்டதைச் சுகாசினி கண்ணால் பார்த்திருந்தாள். அதை வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அக்கா செத்த வீட்டில், மாமா அழுதுகொண்டிருக்கும்போது, அந்த நர்ஸுக்காகப் பேச நாக்கு எழவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று சந்தியா போன் செய்தாள். “அக்கா, போலீஸ் வூட்டுக்கே வந்துட்டுப் போச்சு. எங்கப்பா வெளிய தலைகாட்ட முடியல. என் நர்ஸ் ரிஜிஸ்டர் நம்பரே போயிடும்னு சொல்றாங்க. நான் கேட்டேன்தானே அக்கா அன்னிக்கு? கேட்டேன்ல?”

“கேட்டீங்க.”

“அத வெள்ளிக்கிழமை மீட்டிங்ல சொல்லுவீங்களா?”

“பாக்கறேன்” என்று வைத்துவிட்டாள்.

வார்டில் நடக்கும் ஒவ்வொரு சாவுக்கும் டாக்டர்கள் கூடிப் பேசும் கூட்டம் அது. அதற்குக் கோப்பை அடுக்கித் தருவதும் கிளார்க்கின் வேலைதான். வியாழக்கிழமை அதை எடுக்க ரெக்கார்டு ரூமுக்கு இறங்கினாள். அங்கே இருபது வருஷமாக பாலாஜி இருக்கிறார். அவர் கோப்பைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே, “தப்பா நினைக்காதம்மா” என்றார். “உங்கக்காவுக்கு அப்பா இனிஷியல்ல தேடினியா? நீதான் எல்லாருக்கும் பாக்கற ஆளாச்சே. பாத்திருப்ப.”

அப்பா பெயர் தேவசகாயம். டி. ஜெயப்ரியா. அந்த எழுத்தைச் சுகாசினி அடிக்கவேயில்லை. ஊரில் உள்ள பெண்களிடமெல்லாம் கேட்டவள், கூடப் பிறந்தவளிடம் கேட்கவில்லை.

கம்ப்யூட்டரில் அடித்ததும் வந்தது. 2013, டைபாய்டு. பாலாஜி ஏணி போட்டு ஏறிக் கோப்பை இறக்கினார். அட்டையில் சிவப்பு மையில் பெரிய எழுத்தில் மருந்தின் பெயர், அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, ‘கொடுக்கவே கூடாது’. அதே மருந்து.

அந்த வருஷம் சுகாசினி வேலூரில் ஹாஸ்டலில் இருந்தாள். “ஊசி போட்டு அக்காவுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு, இப்ப பரவால்ல” என்று அம்மா போனில் சொன்னது அப்போதுதான், அந்த ஏணிக்குக் கீழே, அவள் நினைவுக்கு வந்தது. சொன்ன அம்மாவும் இப்போது இல்லை.

பாலாஜி கோப்பின் தூசியைத் தட்டினார். “இத யாரும் கேக்கலம்மா. ரெண்டு நம்பர், ரெண்டு ஆளு. நான் எடுக்கவே இல்லன்னு வெச்சுக்கோ. செத்தவ திரும்பி வரப்போறதில்ல.”

“சந்தியா?”

“அவ சின்னப் பொண்ணு. வேற வேலை கிடைக்கும்.”

“கிடைக்காது சார்” என்றாள் சுகாசினி. கை நீட்டிக் கோப்பை வாங்கிக்கொண்டாள்.

படியேறி மேலே வர வெகுநேரம் ஆயிற்று. மேசையில் உட்கார்ந்து இரண்டு கோப்புகளையும் எதிரே வைத்துக்கொண்டாள். பழையதை டிராயரில் போட்டுப் பூட்டினாள். போன் வந்தது, பேசினாள். ஒன்பதாம் கட்டிலுக்கு எக்ஸ்ரே சீட்டு எழுதினாள். பிறகு டிராயரைத் திறந்து எடுத்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நாடா போட்டுக் கட்டினாள். மேலே ஒரு தாளில், எந்தக் கட்டத்தை யார் நிரப்பியது, நர்ஸ் கேட்டபோது நோயாளி என்ன செய்தாள், தான் என்ன சொன்னாள் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் ராஜகோபால் அதை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

“உன் வேலை போகும்மா.”

“தெரியும் சார்.”

“உன் வீட்டுக்குத் தெரியுமா?”

“இன்னும் இல்ல. மீட்டிங்குக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.”

அன்று மதியமே பெர்மிஷன் போட்டுவிட்டு மாமா வீட்டுக்குப் போனாள். அந்தோணி முப்பதாம் நாள் பூசைக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி தரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா போனதிலிருந்து பட்டறைக்குப் போகவில்லை. கையில் சாயம் வெளுத்து நகக்கண்ணில் மட்டும் இருந்தது.

“வா சுகா. சாப்டியா?”

உட்காராமலே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. இனிஷியல், சிவப்பு மை, கட்டத்தில் எழுதிய ‘இல்லை’, எல்லாம். சந்தியா டெஸ்ட் டோஸ் போட்டதைத் தான் பார்த்ததையும் சொன்னாள். தெருவில் யார் வீட்டிலோ தறி ஓடிக்கொண்டிருந்தது.

“கைய தூக்கினாளா?” என்றார் அந்தோணி.

“ஆமா மாமா.”

“மாஸ்க்க இழுத்தாளா?”

“இழுத்தா.”

“நீ திரும்ப மாட்டிட்ட.”

சுகாசினி தலையை ஆட்டினாள்.

“எங்கிட்ட சொல்லியிருக்கா” என்றார் அவர், சுவரைப் பார்த்து. “கல்யாணம் ஆன புதுசுல. ஏதோ ஒரு ஊசி ஆவாதுன்னு. பேரு எனக்கு வாய்ல நுழையல. நீ என்னைக் கீழ அனுப்பிட்ட.”

அவள் காலில் விழப் போனாள். “வேணாம்” என்று அவர் காலை இழுத்துக்கொண்டார். எழுந்து போய் அலமாரியிலிருந்து மகளின் நோட்டு ஒன்றை எடுத்து, நடுவில் எழுதாத தாளாகப் பார்த்துக் கிழித்தார். பேனாவையும் எடுத்து இரண்டையும் அவள் முன்னால் தரையில் வைத்தார்.

“அந்த நர்ஸ் மேல குடுத்த மனுவ வாபஸ் வாங்கணும். வேற பேரு எழுதித் தரணும். போன மனுவ எழுதினது பக்கத்து வூட்டு ஆளு. இத நான் அவர்கிட்ட போய் எப்படிச் சொல்லி எழுதச் சொல்றது? எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும்னு உனக்குத் தெரியும். நீயே எழுது. தப்பில்லாம எழுது.”

“எழுதறேன் மாமா.”

அவர் சட்டையை மாட்டினார். மூன்றே முக்கால் ஆகியிருந்தது. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவர வேண்டும். ‘சித்தி, சித்தி’ என்று கழுத்தைக் கட்டிக்கொள்கிற பிள்ளை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

“நான் வர்றதுக்குள்ள எழுதி வெச்சுட்டுக் கிளம்பிடு. புள்ள உன்னப் பாக்க வேணாம். பூசைக்கும் வராத.”

சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்டது. சுகாசினி தரையில் உட்கார்ந்தாள். ‘பெறுநர்’ என்று எழுதி, ஆய்வாளர் என்று எழுதினாள். ‘பொருள்’ என்பதற்கு நேராக அக்காவின் பெயரை எழுதும்போது, அப்பா பெயரின் முதல் எழுத்தையும் மாமா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்தே போட்டாள். ஒரு பக்கம் வந்தது. தன் பெயரை மூன்று இடத்தில் எழுத வேண்டியிருந்தது. கீழே வலதுபக்கம் அவர் கையெழுத்துக்கு இடம் விட்டு, தாள் பறக்காமல் மேலே தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் போகாமல் பின்தெரு வழியாக நடந்தாள்.