எட்டு மில்லிமீட்டர்

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்கண்ணே," என்றான் பந்தல்காரன்.

அரைநூல் தோளைக் கொடுத்துக் கம்பைத் தள்ளினான். வாசலில் தார்ப்பாய் தொங்கிப் போயிருந்தது. கூட்டம் சேர்வதற்குள் தூக்கிக் கட்ட வேண்டும். உள்ளே கட்டிலில் மாமாவைக் கிடத்தியிருந்தார்கள். அக்காவின் புருஷன், மோட்டார் சைக்கிள் மெக்கானிக். விடிகாலையில் ஆஸ்பத்திரியில் நெஞ்சு நின்றுவிட்டது. பதினோரு மணிக்கு எடுத்துப்போக வண்டி வரும்.

"ஒரு அடி தள்ளிட்டேனே, பாய் ஒரு அடி ஏறலையே?"

"சாஞ்ச கம்புல்ல. பாய் ஒரு அடி ஏறணும்னா நீங்க ஒண்ணேகால் அடி தள்ளணும்."

அரைநூலின் கை கம்பிலேயே நின்றுவிட்டது.

அவன் லேத் பட்டறை வைத்திருப்பவன். அரை நூல் அளவு பிசகினாலும் வேலையைத் தூக்கிப் போட்டுவிடுவான் என்று மாமா வைத்த பேர் அது. ஊரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

மூன்று வருஷமாக மாமா ஒரு புத்தகம் எழுதினார். பழைய பைக் ஒன்றைக் கடைசி நட்டு வரை பிரித்து, மறுபடி ஓட வைப்பது எப்படி என்று பக்கத்துக்குப் பக்கம் படத்தோடு. அவர் சொல்லச் சொல்ல அக்கா போனில் தட்டுவாள். 'துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். எண்ணெய் விட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். அது மனசு மாறும்' என்றெல்லாம் வரும். அளவுகள் மட்டும் அரைநூலின் பொறுப்பு. முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்: 'அளவுகள் என் மச்சான் எடுத்தவை. கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.'

அதில் ஒரு அளவு, தீப்பொறி விழும் நேரத்தில் பிஸ்டன் உச்சிக்கு எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்பது. எஞ்சின் தலையில் இருக்கும் ஸ்பார்க் பிளக் துளைக்குள் கம்பியை விட்டு அளந்து, எட்டு மில்லிமீட்டர் என்று கொடுத்திருந்தான். அந்தத் துளை நேரானது இல்லை. சாய்ந்தது.

மாமா அப்போதே கேட்டார். "மாப்ள, எட்டு ஜாஸ்தியாத் தெரியுதே. ஹெட்டக் கழட்டிட்டு நேரா ஒரு தடவ பாத்துருவமா?"

"என் அளவுல சந்தேகம்னா வேற ஆளப் பாருங்க மாமா."

பத்து நாள் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. பதினோராம் நாள் மாமாவே வந்து லேத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எட்டுன்னே போட்டுட்டேன்டா. மூஞ்சத் தூக்கி வச்சிக்காத."

அவர்கள் பைக் நன்றாகத்தான் ஓடியது. அதற்கு எட்டு வைத்ததும் அதே கம்பியால், அதே சாய்ந்த துளை வழியாகத்தான். ஆனால் புத்தகத்தில் மாமா எழுதிய முறை வேறு. ஹெட்டை, அதாவது எஞ்சின் தலையை, கழற்றி நேராக அளக்கச் சொல்லியிருந்தார். நேராக எட்டு வைத்தால் தீ முந்திவிடும். கிக்கரை மிதிக்கிறவன் காலை அது திருப்பி உதைக்கும். கணுக்கால் போனாலும் போகும்.

காலையில் அச்சகக்காரர் போனில் அழுதிருந்தார். "அவருக்குச் செய்யற மரியாதையா புத்தகத்த இன்னைக்கே அடிச்சு முடிச்சிடறேன் சார்."

அரைநூல் கம்பை விட்டான். பாய் மறுபடி தொங்கியது.

"எங்கடா கெளம்பிட்ட?" என்றார் பெரியப்பா. "மாமன் உள்ள கெடக்காரு, உனக்குப் பட்டறை கேக்குதா?"

"இதோ வந்துடறேன்."

"வெளங்கும்."

மாமாவின் பட்டறை பின் சந்தில் இருந்தது. ஷட்டரைத் தூக்கி, அந்தப் பழைய பைக் முன்னால் மண்டியிட்டான். ஹெட்டில் நான்கு நட்டு. மூன்று வந்தன. நாலாவது அசையவில்லை. டீ குடிக்க நேரமில்லை. ஸ்பேனரில் குழாயைச் செருகி, உடம்பையே அதன்மேல் போட்டான். அது கீச்சென்று விட்டுக்கொடுத்தபோது முழங்கை சுவரில் இடித்தது. ஹெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, அந்தக் கம்பியைத் தொடாமல், தீப்பொறி விழும் அதே இடத்திலேயே பிஸ்டனை நிறுத்தி நேராக அளந்தான். ஏழு. சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறுபடி பார்த்தான். ஏழு. கேஜைத் துடைத்துவிட்டுப் பார்த்தான்.

எண்ணெய்க் கையோடு போனை எடுத்தான்.

"அறுபத்துநாலாம் பக்கத்த நிறுத்துங்க. எட்டு இல்ல, ஏழு."

"அது அடிச்சாச்சே சார்," என்றார் அச்சகக்காரர். "பரவால்ல, அச்சுப் பிழைன்னு ஒரு சீட்டு ஒட்டிரலாம்."

"அச்சுப் பிழை இல்ல."

"பின்ன?"

"அளந்தவன் பிழைன்னு போடுங்க."

"சார், முதல் பக்கத்துல உங்களப் பத்தி அவரு..."

"அதுக்குக் கீழயே ஒட்டுங்க."

ஓட்டமாகத் திரும்பி வந்தபோது வண்டி வாசலில் நின்றது. அக்கா கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் குந்தினான்.

"எங்கடா போன? எல்லாரும் கேக்கறாங்க."

"அக்கா, மாமா சொன்னதுதான் சரி. ஏழுதான்."

அவளுக்கு எதைச் சொல்கிறான் என்று உடனே புரிந்துவிட்டது. "தட்டும்போது ரெண்டு தடவ கேட்டேன். எட்டாங்க, எட்டாங்கன்னு. எட்டுன்னே போடுன்னாரு."

"தப்புன்னு தெரிஞ்சேவா போட்டாரு?"

"எனக்கென்னடா தெரியும்." அவள் மாமாவைப் பார்த்தாள். "அவரக் கேக்க வேண்டியதுதான்."

அவன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரோ பின்னாலிருந்து தோளைத் தட்டினார்கள்.

"நேரமாகுதுங்க," என்றான் வண்டிக்காரன். "நாலு பேர் பிடிங்க."

"கையக் கழுவிட்டு வாடா," என்றார் பெரியப்பா.

அதற்குள் மூன்று பேர் குனிந்துவிட்டார்கள். அரைநூல் கால்மாட்டில், மாமாவுக்குக் கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியின் ஒரு மூலையைப் பிடித்தான். தூக்கும்போது பாரம் அவன் பக்கம் சாய்ந்தது. முழங்காலை முட்டுக் கொடுத்து மட்டமாக்கினான். வண்டிக்குள் மெதுவாகத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தபோது, வெள்ளைத் துணியில் ஐந்து விரலும் கருப்பாகப் பதிந்திருந்தன.

அக்கா முந்தானையால் அதைத் துடைக்கக் குனிந்தாள். பிறகு துணியின் சுருக்கத்தை மட்டும் நீவிவிட்டு நகர்ந்து நின்றாள்.