இணை அமைச்சர் வாசித்த பதில்

பதினெட்டு வருஷம் நாடாளுமன்றத்தில் குப்பை கொட்டிய பிறகுதான் அவருக்கு இணை அமைச்சர் பதவி கிடைத்தது. அதுவும் என்ன பதவி! பெரிய அமைச்சருக்குப் பிடிக்காத கேள்விகளுக்கெல்லாம், அதிகாரிகள் எழுதிக் கொடுத்த பதிலை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். 'வாசிப்பு மந்திரி' என்று சபைக்குள்ளேயே பட்டப்பெயர். மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். நாளைக்கு மந்திரிசபை மாற்றம். இந்தத் தடவை முழு அமைச்சர் ஆகிவிடலாம் என்று காதில் போட்டிருந்தார்கள்.

இன்றைய கேள்வி சுரங்க விபத்தைப் பற்றியது. உள்ளே போன அவருடைய தங்கை புருஷன் திரும்பவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. வேலையை விட்டு ஓடிப்போனவன் என்று நிர்வாகம் எழுதி வைத்துவிட்டது. எவளோடு ஓடினான் என்று தெருவே தங்கையின் முகத்துக்கு நேரே கேட்டது.

"அவர் உள்ளேதான் செத்தார்னு சபையில ஒரு வார்த்தை சொல்லுண்ணே. வேற எதுவும் வேணாம்."

"நான் இருக்கேன்ல? மேல உக்காந்து உன் காதாலயே கேளு," என்று பார்வையாளர் மாடத்துக்கு அவரே சீட்டு வாங்கிக் கொடுத்தார்.

எழுந்து நின்று கோப்பைப் பிரித்த பிறகுதான் பதிலைப் பார்த்தார். எதையும் முன்னாடியே படித்துப் பார்க்கிற வழக்கம் அவருக்கு என்றைக்கு இருந்தது? ஒரு வாக்கியத்தை மாற்றினால் நாளைய பட்டியல் போச்சு. கணீரென்று வாசித்தார்: "உயிரிழப்பு ஏதுமில்லை. ஒரு தொழிலாளி மட்டும் பணியைக் கைவிட்டு ஓடிவிட்டார்."

"ஓடினது உறுதிதானா?" என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

"உறுதி."

"அண்ணே!" என்று மாடத்தில் தங்கை எழுந்து கத்தினாள். காவலர்கள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். சபை அடுத்த கேள்விக்குப் போனது.

மறுநாள் பட்டியலில் அவர் இல்லை. இருந்த பதவியும் போயிருந்தது. பெரிய அமைச்சரின் அறைக்கு ஓடினார்.

"நீங்க குடுத்ததைத்தானே ஐயா வாசிச்சேன்?"

"பிரமாதமா வாசிச்சீங்க. மேல கத்தினது யாருன்னு பிரதமர் விசாரிச்சாரு. கூடப்பிறந்தவளையே கைவிட்டவன் நாளைக்கு என்னை விட்டுவைப்பானான்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல?"

வெளியே வந்து தங்கைக்குப் போன் போட்டார். அழுவாள், திட்டுவாள் என்றுதான் நினைத்தார்.

"உண்மையைச் சொல்லுண்ணே," என்றாள் அவள் மெதுவாக. "அவர் நிஜமாவே ஓடித்தான் போயிட்டாரா? நீயே உறுதின்னு சொல்லிட்டியே."