பன்னிரண்டு ஐம்பது ரயில்

மௌல்மேனிலிருந்து வந்த ரயில் பதினொன்று நாற்பதுக்கு யாங்கோன் மத்திய நிலையத்தில் நின்றது. மாவ்பி வழியாக வடக்கே போகும் ரயில் பன்னிரண்டு ஐம்பதுக்கு. நடுவில் இருக்கும் ஒரு மணி பத்து நிமிடத்தில் அண்ணனிடம் கையெழுத்துப் போட்ட காகிதத்தை வாங்கிக்கொண்டு, அவர் கிளம்பிய பிறகு ரயில் ஏற வேண்டும் என்று சித்ராதேவி நினைத்திருந்தாள். அவள் மகன் மகேந்திரன் மாவ்பியில் ஒரு கோழிப்பண்ணையில் இருக்கிறான். அது அண்ணனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

யாங்கோனில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு அன்று மாலை வண்டியிலேயே ஊர் திரும்புவதாக அண்ணனிடம் சொல்லியிருந்தாள். அவர் வீடு மிங்கலா தாங்ஞுன்டில், நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஆனாலும் வீட்டுக்கு வா என்று அவர் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்குத் தானே வருவதாகச் சொல்லிவிட்டார்.

நிலையத்தின் அடுக்கடுக்கான கூரைக் கோபுரங்கள் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரிய மடாலயம் போலத் தெரியும். வாசலில் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலரிடம் கைபேசியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். கூடத்தில் பெண்களும் வயதானவர்களும் பிக்குகளும் நிறைந்திருந்தார்கள். இருபது வயது ஆண்கள் அங்கொருவர் இங்கொருவராகத்தான் கண்ணில் பட்டார்கள். அவர்களும் யாரையும் பார்க்காமல் வேகமாக நடந்தார்கள்.

அண்ணன் விநாயகமூர்த்தி தேநீர்க்கடைக்குப் பக்கத்து பெஞ்சில் பிளாஸ்டிக் உறை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கையைப் பார்த்து எழவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. வண்டி நேரத்துக்கு வந்துவிட்டதே என்று மட்டும் சொன்னார், அதுவும் அவள் செய்த தவறு போல.

எல்லாவற்றையும் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தொடங்கி வைத்தவள் சித்ராதேவிதான். அவள் கணவன் அப்பாசாமியின் தாத்தா இந்தியாவிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். மூன்று தலைமுறை ஆகியும் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் குடியுரிமை அட்டை சரியாகக் கிடைக்கவில்லை. மகனுக்கும் அதே கதி வரக் கூடாது என்று நினைத்தாள். அண்ணன் மனைவி பர்மியப் பெண், அவளுடைய தாள்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அண்ணனுக்கும் வின் நாய்ங் என்ற பர்மியப் பெயரில் அட்டை உண்டு. ஒரு பேர்தானே அண்ணி என்று சித்ராதேவி கெஞ்சினாள். எட்டு வயது மகேந்திரனை அவர்களுடைய மூத்த மகனாகக் குடும்பப் பட்டியலில் எழுதினார்கள். அவன் அங்கேயே தங்கிப் படித்தான், பதினெட்டு வயதில் நல்ல அட்டை கிடைத்தது. அன்றைக்கு எல்லோரும் இனிப்புச் சாப்பிட்டார்கள்.

இப்போது ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். இரண்டு பையன்கள் இருக்கும் வீட்டிலிருந்து ஒருவன் என்று அண்ணன் வீட்டு வார்டு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதும் மகேந்திரன் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டான். வின் நாய்ங் வீட்டுப் பட்டியலில் இரண்டு பேர். மகேந்திரனுக்கு இருபது வயது, அண்ணனின் சொந்த மகன் சந்திரனுக்குப் பத்தொன்பது. குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டால் மகேந்திரன் பெயரை மௌல்மேனில் உள்ள சித்ராதேவியின் தாய்மாமன் வீட்டுப் பட்டியலுக்கு மாற்றலாம். அந்த வீட்டில் வேறு பையன் இல்லை, ஒரே பையன் என்றால் கூப்பிட மாட்டார்கள். கையெழுத்துப் போட்டாயிற்று, வந்து வாங்கிக்கொள் என்று அண்ணன்தான் போனில் சொன்னார்.

அவர் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்த காகிதத்தில் அவர் கையெழுத்து இல்லை. வார்டு அலுவலகத்தின் முத்திரைதான் இருந்தது. மகேந்திரன், தகப்பன் பெயர் வின் நாய்ங், நாளை காலை ஒன்பது மணிக்கு நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தது.

சித்ராதேவி அதை இரண்டு முறை படித்தாள்.

"கையெழுத்துப் போட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இல்லேன்னா நீ வந்திருப்பியா? கடுதாசி வந்த பெறகு பேர மாத்த விட மாட்டான்."

"எம்புள்ளய அனுப்பிட்டு ஒங்க புள்ளய வீட்ல வச்சுக்கப் போறீங்களா அண்ணே?"

"ரெண்டும் எம்புள்ளதான். அப்படித்தான எழுதச் சொன்ன?"

"பேப்பர்லதான பெத்தீங்க."

"பேப்பரைப் பாத்துத்தான கூப்பிடுறான்."

உண்மையைப் போய் எழுதிக் கொடுப்பேன் என்று அவள் சொன்னாள். கொடு என்றார் அவர். பொய்ப் பட்டியலுக்கு முதலில் தானும் மனைவியும் உள்ளே போக வேண்டும், பின்னால் அவள் வருவாள், பையன் அட்டையும் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முன்பே யோசித்து வைத்திருந்ததைப் போலச் சொன்னார். பிறகு, மகேந்திரன் எங்கே என்று கேட்டார்.

தெரியாது, போன் மட்டும் பண்ணுவான் என்றாள். அவர் நம்பவில்லை. அவர் வந்ததே அதற்காகத்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

பன்னிரண்டே காலுக்குக் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்தாள். வேறு வழியாக நடைமேடைக்குப் போக முடியுமா என்று பார்த்தாள். மேம்பாலத்தைத் தவிர வழியில்லை, மேம்பாலப் படி அந்த பெஞ்சிலிருந்து நேராகத் தெரிந்தது. திரும்பி வந்தபோது அவள் பையின் ஜிப் திறந்திருந்தது. விநாயகமூர்த்தி ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தாம் நம்பர். ஓம் புருஷனுக்கு இது கால்ல நிக்காதே. கண் டாக்டருக்கா?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தோட்டமா, பண்ணையா? சொல்லு. நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"சந்திரனுக்கு எடுத்துட்டுப் போங்க. அங்க போனா பூட்ஸ் வேணும்ல."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். தேநீர்க்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசல் பக்கம் நின்றிருந்த போலீஸ்காரர் ஒருவரும் திரும்பினார். இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான். விநாயகமூர்த்தி கையை விட்டுவிட்டார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த முகமாக வைத்துக்கொண்டாள். குடும்பச் சண்டை என்று எண்ணிப் போலீஸ்காரர் வேறு பக்கம் போனார். அவர் போகும் வரை இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பையில் கைபேசி அடித்தது. அவள் எடுக்கவில்லை. எடு என்றார் அண்ணன். அடித்து ஓய்ந்ததும் வெளியே எடுத்து, திரையைக் கையால் மறைத்தபடி அணைத்தாள். பன்னிரண்டரை ஆகியிருந்தது. ரயில் ஏறிவிட்டாயா என்று மகன் கேட்டிருப்பான்.

ஒலிபெருக்கியில் வடக்கே போகும் ரயிலை அறிவித்தார்கள். இன்செய்ன் தொடங்கி ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். விநாயகமூர்த்தி அறிவிப்பைக் கேட்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாவ்பி என்ற பெயர் வந்தபோது அவள் தேநீர்க்கடைப் பெண் கண்ணாடி டம்ளர்களைக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஒரே வாளித் தண்ணீரில் எல்லாவற்றையும் முக்கி எடுத்தாள்.

"நீ எந்த வண்டியில ஏறுறியோ, அதுல நானும் வர்றேன்" என்றார்.

"வாங்க. மௌல்மேன் வண்டி ஆறு மணிக்கு."

அவர் அவள் பக்கம் சாய்ந்தார். பிறகு குரல் இறங்கியது.

"நாளைக்கு ஒம்போது மணிக்கு மகேந்திரன் போய் நிக்கலேன்னா சந்திரனத் தூக்கிருவாங்க. அவனுக்கு மூச்சு இழுக்கும், ஒனக்குத் தெரியாததா? சின்னதுல நீதான அவனத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரிஞ்ச."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஆமாண்ணே."

நடைமேடைக்குப் போகிறவர்கள் மூட்டைகளோடு மேம்பாலத்தில் ஏறினார்கள். ஒரு கிழவி முட்டைக்கோஸ் மூட்டையைப் படியில் தூக்க முடியாமல் நின்று யாரையாவது தேடினாள். சித்ராதேவி எழவில்லை. எழுந்தால் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடுமோ என்று இரண்டு பாதங்களையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். ஹாரன் கேட்டது. பெட்டிகள் ஒன்றையொன்று இழுத்துக் குலுங்கும் சத்தம் கேட்டது. ஒன்று ஐந்துக்கெல்லாம் மேம்பாலம் காலியாகிவிட்டது.

அதன் பிறகுதான் எழுந்து பையை எடுத்துக்கொண்டு டிக்கெட் வாங்கும் இடத்துக்குப் போனாள். வரிசையில் அவளுக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். விநாயகமூர்த்தி ஆறாவது ஆளாக அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் முறை வந்ததும் அடையாள அட்டையை உள்ளே தள்ளி, மௌல்மேன் என்று அவர் காதில் விழும்படி சொன்னாள். எத்தனை பேர் என்று உள்ளே இருந்தவர் கேட்டார்.

"ஒருத்தர்" என்றாள்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, வின் நாய்ங் என்று எழுதிய அட்டையை அவள் அட்டையின் மேல் வைத்தது.

"ரெண்டு" என்றார் அண்ணன்.